கன்சோல் ஸ்க்ரீன் கறுப்பா நின்னா உடனே சுவிட்ச் மேல பழி போடாதீங்க

நெட்வொர்க் சுவிட்சையோ ரூட்டரையோ லேப்டாப்ல இருந்து நேராப் பேசி செட் பண்ற வாசல்தான் கன்சோல். அந்தக் கேபிளை மாட்டி, லேப்டாப்ல புட்டிங்கற (PuTTY) டெர்மினல் புரோகிராமைத் திறந்து, எண்டரை நாலு தட்டு தட்டியும் ஸ்க்ரீன் கறுப்பாவே நின்னா நம்ம ஃபீல்டு ஆளுங்க வாயில வர்ற முதல் பேச்சு "போர்டு போச்சு சார், புதுசு மாத்திரலாம்". காரைக்குடியில இருந்துக்கிட்டு தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான்னு சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் நெட்வொர்க் வேலைக்குப் போறவன் நான். அப்படிப் போச்சுன்னு தீர்ப்பு எழுதின பெட்டிகள்ல நெசமாவே போயிருந்தது கொஞ்சம்தான், மத்ததெல்லாம் கேபிள், டிரைவர், பாட் ரேட் (அதாவது கம்பியில பேசற வேகம்), இல்லன்னா யாரோ எப்பவோ பாதியில விட்டுட்டுப் போன வேலை. அதனால என் கட்சி ஒண்ணே ஒண்ணு, நம்ம கையில இருக்கற பக்கம் சுத்தமா இருக்குன்னு காட்டாம எதிர்ப்பக்கத்துப் பெட்டியைக் குத்தம் சொல்லக்கூடாது. அதை எப்படிக் காட்டறதுன்னுதான் இங்க எழுதறேன்.

இந்தப் பக்கத்துல கன்சோல் வேலை ஏன் இவ்வளவு வருதுன்னா அதுக்கு நம்ம வீடுகளே காரணம். பழைய செட்டிநாட்டு வீட்டை ஓட்டலா மாத்தறாங்க, முகப்புல ஒரு வைஃபை பெட்டி வச்சா வளவு, அதாவது நடு முற்றம், தாண்டறதுக்குள்ள சிக்னல் செத்துப்போகுது, சுண்ணாம்புச் சுவரோட கனம் அப்படி. அப்புறம் முகப்புக்கு ஒண்ணு, வளவுக்கு ஒண்ணு, இரண்டாங்கட்டுக்கு ஒண்ணு, மாடிக்கு ரெண்டுன்னு ஆக்சஸ் பாயிண்ட் வைக்கணும், வெள்ளைக்கருச் சாந்து பூசின சுவத்துல டிரில் போட விடமாட்டாங்க, அதனால கேபிள் எல்லாம் மரச்சட்டத்து ஓரமாவே சுத்திச் சுத்தி கடைசியில மூணாங்கட்டுல பழைய பாத்திரம் பண்டம் போட்டு வச்சிருக்கற ஒரு அறையில இருக்கற பிஓஇ சுவிட்சுல, அதாவது நெட்வொர்க் கேபிள்லயே கரண்டும் குடுக்கற சுவிட்சுல, வந்து சேரும். வீட்டுக்காரங்க சென்னையிலயோ சிங்கப்பூர்லயோ இருப்பாங்க, சுவிட்சை வச்ச ஆள் வேற ஊர் போயிருப்பான், பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது, ஐபி அட்ரஸும் தெரியாது. அப்ப உள்ள போறதுக்கு கன்சோலை விட்டா வேற வாசல் கிடையாது.

கன்சோல்ல ஓடறது ஆர்எஸ்-232ங்கற சமாச்சாரம், 1960ல வந்த ஸ்டாண்டர்டு. டேட்டாவுக்கு மூணு கம்பிதான், அனுப்ப ஒண்ணு, வாங்க ஒண்ணு, கிரவுண்டு ஒண்ணு. ஈதர்நெட் கேபிளைக் குத்தினா ரெண்டு பக்கமும் பேசி வேகத்தை முடிவு பண்ணிக்கிட்டு பச்சை லைட் எரியும். இதுல அதெல்லாம் கிடையாது, அந்தப் பக்கம் ஆள் இருக்கா, எந்த வேகத்துல பேசறான், எதுவும் இந்தப் பக்கத்துக்குத் தெரியாது. அதனாலதான் சொல்றேன், கறுப்பு ஸ்க்ரீன் எதுக்கும் சாட்சி இல்ல. கேபிளே மாட்டலைன்னாலும் அதே கறுப்பு, புட்டியில தப்பான காம் போர்ட்டை (லேப்டாப் சீரியல் அடாப்டருக்குக் குடுக்கற நம்பர்) திறந்தாலும் அதே கறுப்பு, சுவிட்ச் கருகிப் போயிருந்தாலும் அதே கறுப்பு. இதைப் புரிஞ்சுக்காம கேபிளை மாத்து, லேப்டாப்பை மாத்து, சுவிட்சை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுன்னு ஒரே நேரத்துல நாலு வேலை பண்ணா, கடைசியில சரியாகிட்டாலும் எது சரி பண்ணுச்சுன்னு தெரியாது, அடுத்த தடவை மறுபடி முதல்ல இருந்து.

நான் முதல்ல பண்றது லூப்பேக். ஒரு பழைய ஆர்ஜே45 பிளக் (ஈதர்நெட் கேபிள் முனையில இருக்கற எட்டுப் பின் பிளக்) எடுத்து மூணாவது பின்னுக்கும் ஆறாவது பின்னுக்கும் ஒரு துண்டு கம்பியைப் போட்டு கிரிம்ப் பண்ணி பையில வச்சிருக்கேன், கூடவே ரெண்டு கேபிள் முனையை ஒண்ணாச் சேர்க்கற ஒரு கப்ளர். சுவிட்சுல குத்த வேண்டிய நீல கன்சோல் கேபிளோட முனையை கப்ளர்ல குத்தி, மறுபக்கம் இந்தத் துண்டைச் செருகினா, லேப்டாப் அனுப்பறது அப்படியே திரும்பி லேப்டாப்புக்கே வரும். புட்டியில ஒரு எழுத்து அடிச்சா அதே எழுத்து ஸ்க்ரீன்ல தெரியணும். தெரிஞ்சா டிரைவர் சரி, காம் போர்ட் நம்பர் சரி, யூஎஸ்பியை சீரியலா மாத்தற அடாப்டர் சரி, கேபிள்ல அனுப்பற வாங்கற கம்பி ரெண்டும் சரி. துண்டைப் பிடுங்கிட்டு அதே எழுத்தை மறுபடி அடிக்கணும், இப்ப ஸ்க்ரீன்ல வரக்கூடாது, வந்தா புட்டியில லோக்கல் எக்கோ ஆன்ல இருக்குன்னு அர்த்தம், நீங்க இவ்வளவு நேரம் பார்த்தது உங்க நிழலைத்தான். பிடுங்கிப் பார்க்கற இந்த ரெண்டாவது பாதியைத்தான் நிறையப் பேர் விட்டுடறாங்க.

ஆனா லூப்பேக் பாஸ் ஆயிட்டா எல்லாம் சரின்னும் நினைச்சுக்காதீங்க. பாட் ரேட் சரியாங்கறதை அது சொல்லாது, அனுப்பறதும் வாங்கறதும் ஒரே லேப்டாப்தானே, எந்த வேகம் வச்சாலும் பாஸ்தான். கிரவுண்டு கம்பி அறுந்திருந்தாலும் பாஸ் ஆகும். அனுப்பற கம்பியும் வாங்கற கம்பியும் இடம் மாறி கிரிம்ப் ஆகியிருந்தாலும் பாஸ் ஆகும், ஏன்னா மூணையும் ஆறையும் சேர்த்தா இடம் மாறினாலும் வட்டம் வட்டம்தான். அங்கதான் மல்டிமீட்டர் வேணும். ஆர்எஸ்-232ல யாரும் பேசாம சும்மா இருக்கும்போது அனுப்பற கம்பியில மைனஸ் வோல்டேஜ் நிக்கும், மைனஸ் 3ல இருந்து மைனஸ் 15க்குள்ள எதுவா இருந்தாலும் சரி, நான் வழக்கமாப் பார்க்கறது மைனஸ் 5, 6. இந்த ஒரு விஷயம் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது.

எப்படி அளக்கறதுன்னா, சாதாரண பேட்ச் கார்டு ஒண்ணை பாதியில வெட்டி கம்பி முனையைச் சீவி வச்சுக்கங்க. அந்த பிளக்கை சுவிட்சோட கன்சோல் சாக்கெட்ல குத்துங்க. இப்ப 568பிங்கற வழக்கமான கலர் வரிசைப்படி நீலம் நாலாவது பின், அது கிரவுண்டு, வெள்ளை-பச்சை மூணாவது பின், சுவிட்ச் பேசறது அதுல. மீட்டரை டிசியில வச்சு கறுப்பு முனையை நீலத்துல, சிவப்பு முனையை வெள்ளை-பச்சையில வச்சா மைனஸ்ல ஏதாவது காட்டணும். காட்டினா அந்த சுவிட்சோட கன்சோல் சிப் உயிரோட இருக்குன்னு பெரும்பாலும் நம்பலாம். சுத்தமா ஜீரோன்னா அப்ப சுவிட்சைச் சந்தேகப்படலாம், அப்பவும் சந்தேகம்தான். அப்புறம் அந்த கார்டைக் கழட்டி கப்ளர் வழியா லேப்டாப் கேபிள் முனையில குத்தி நீலத்துக்கும் பச்சைக்கும் அளந்தா, அதாவது நாலுக்கும் ஆறுக்கும், லேப்டாப் பக்கத்து மைனஸ் அங்க வரணும். ரெண்டு மைனஸும் ஒரே பின்ல வந்துச்சுன்னா ரெண்டு பேரும் ஒரே கம்பியில கத்திக்கிட்டு இன்னொரு கம்பியில ரெண்டு பேருமே காது குடுத்துக்கிட்டு நிக்கறாங்க, கேபிள் தப்பு, தூக்கிப் போடுங்க இல்லன்னா முனையை வெட்டி மறுபடி கிரிம்ப் பண்ணுங்க. இந்த பின் வரிசை சிஸ்கோவும் அதைப் பார்த்துப் பண்ற நிறைய கம்பெனியும் வைக்கறது, எல்லாரும் வைக்கறது இல்ல, அதைக் கீழ சொல்றேன்.

இப்ப ஒரு கதை. கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டு ஓட்டல், மாடி ரூம் எதுலயும் வைஃபை இல்ல, ஏற்கனவே ஒருத்தர் வந்து பார்த்துட்டு கன்சோலே எடுக்கல, சுவிட்ச் போச்சு, புதுசு வாங்கணும்னு கொட்டேஷனே குடுத்துட்டுப் போயிட்டார். 24 போர்ட் பிஓஇ சுவிட்ச், வெலை சின்ன வெலை இல்ல. வீட்டுக்கார ஆச்சி அன்னைக்கு ஊர்ல இருந்தாங்க, ரூம் வாசல்ல ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்கிட்டாங்க.

"ஏப்பா, போன தடவை வந்தவுக பெட்டி போச்சுன்னு சொல்லிப்புட்டாக, நீ என்னத்த அதைப் போட்டு நோண்டிக்கிட்டு இருக்க?"

"போகல ஆச்சி, அதுல லைட்டெல்லாம் எரியுது பாருங்க, கீழ ரூம்ல நெட் வருதுல்ல."

"எரிஞ்சாப்ல? எங்க வீட்டு ஃபிரிட்ஜுலயுந்தான் லைட் எரியுது, ஐஸ் கட்டமாட்டேங்குது."

பதில் சொல்ல முடியல, ஏன்னா அவங்க சொன்னது நியாயம். லூப்பேக் போட்டேன், பாஸ். சுவிட்சுல குத்தினேன், 9600ல வச்சேன், எண்டர் தட்டினா ஒண்ணும் இல்ல. அந்த நேரம் பார்த்து மேனேஜர் ஒரு ஆக்சஸ் பாயிண்ட் கேபிளைப் பிடுங்கி வேற போர்ட்ல குத்தினார், உடனே என் ஸ்க்ரீன்ல போர்ட் டவுன், போர்ட் அப்னு ரெண்டு வரி ஓடுச்சு. எழுத்தெல்லாம் தெளிவா இருக்கு, ஒரு குப்பை இல்ல. ஆக, சுவிட்ச் பேசுது, பாட் ரேட் சரி, கிரவுண்டு சரி, ஆனா நான் பேசறது அதுக்குக் கேக்கல. இந்த மாதிரி ஒத்தை வழியா மட்டும் வேலை செய்யறதை எங்க பார்த்தாலும் முதல்ல ஃப்ளோ கண்ட்ரோலை, அதாவது எப்ப அனுப்பலாம் எப்ப நிறுத்தணும்னு கட்டுப்படுத்தற செட்டிங்கை, பாருங்க. புட்டியில சீரியலுக்கு அதுவா வச்சிருக்கறது எக்ஸான்-எக்ஸாஃப், லினக்ஸ்ல ஓடற மினிகாம்ல ஹார்டுவேர் ஃப்ளோ கண்ட்ரோல் ஆன்ல இருக்கும். ஹார்டுவேர்னு இருந்தா அந்தப் பக்கத்துல இருந்து சரின்னு ஒரு சிக்னல் வர்ற வரைக்கும் உங்க கீபோர்டு எழுத்து லேப்டாப்பை விட்டு வெளியவே போகாது, அதுக்கான கம்பியே இல்லாத கேபிள்ல அந்த சிக்னல் எப்படி வரும். கன்சோலுக்கு நான் எப்பவும் ‘நன்’னு (None, எதுவும் வேண்டாம்னு) வச்சுருவேன். எனக்கு இங்கயும் நன்தான் இருந்துச்சு.

அப்ப மிச்சம் என்ன? டார்ச் அடிச்சு சுவிட்சோட முன்பக்கத்தை ஒழுங்காப் பார்த்தேன். ஆர்ஜே45 கன்சோல் தவிர மினி யூஎஸ்பியில இன்னொரு கன்சோல் இருக்கு, அதுல ஒரு கறுப்பு வயர் குத்தி, பேட்ச் கேபிள் கட்டுக்குள்ளயே சேர்த்து டேக் போட்டு, ராக்குக்குக் கீழ இருக்கற சிசிடிவி கம்ப்யூட்டர் வரைக்கும் போயிருக்கு. முன்னாடி எப்பவோ ஒருத்தர் அந்தக் கம்ப்யூட்டர்ல இருந்து சுவிட்சை செட் பண்ணிட்டு வயரை அப்படியே விட்டுட்டார். விஷயம் என்னன்னா இந்த ரெண்டு கன்சோல் இருக்கற சிஸ்கோவோட கேட்டலிஸ்ட் வகை சுவிட்ச்கள்ல யூஎஸ்பிக்குத்தான் முன்னுரிமை, அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் உயிரோட இருக்கற வரைக்கும் சுவிட்ச் சொல்றது ரெண்டு பக்கமும் தெரியும், ஆனா டைப் பண்றது யூஎஸ்பி பக்கத்துல இருந்து மட்டும்தான் ஏறும். அது கோளாறு இல்ல, டிசைனே அப்படி. வயரைப் பிடுங்கின உடனே கன்சோல் மீடியா டைப் ஆர்ஜே45ன்னு ஒரு வரி வந்துச்சு, எண்டர் தட்டினேன், யூசர்நேம் கேட்டுச்சு.

"என்னப்பா வந்துருச்சா?"

"வந்துருச்சு ஆச்சி. இனிமே பாஸ்வேர்டு கேக்குது."

"அது யாருக்குத் தெரியும்!"

யாருக்கும் தெரியலதான். பாஸ்வேர்டு ரெகவரி தனி வேலை, சுருக்கமா சொன்னா கரண்டை எடுத்துட்டு மோட் பட்டனை அமுக்கிக்கிட்டே பவர் குடுத்து, கான்ஃபிக் ஃபைல் பேரை மாத்திட்டு பூட் பண்ணி, அப்புறம் பழைய கான்ஃபிக்கை ஏத்தி பாஸ்வேர்டை மட்டும் மாத்தி சேவ் பண்ணணும். இதுல ஒரு எச்சரிக்கை, முன்னாடி செட் பண்ணவர் பாஸ்வேர்டு ரெகவரியையே தடை பண்ணி வச்சிருந்தா இந்த வழியில போனா கான்ஃபிக் மொத்தமா அழிஞ்சுரும், அதுக்கு முன்னாடி கேக்கும், அவசரத்துல ஆமான்னு தட்டிடாதீங்க. அப்புறம் கெஸ்ட் இருக்கற நேரத்துல சுவிட்சை ரீபூட் பண்ணா ரிசப்ஷன் போனும் சிசிடிவியும் சேர்ந்து படுத்துரும், மேனேஜர்கிட்ட சொல்லிட்டுப் பண்ணுங்க. மாடிக்கு வைஃபை வராததுக்குக் காரணம் டிரங்க் போர்ட்ல (பல நெட்வொர்க்கை ஒரே கேபிள்ல கடத்தற போர்ட்) ஒரு வீலேன், அதாவது அந்த நெட்வொர்க்குகள்ல ஒண்ணு, விட்டுப்போயிருந்தது, அது ஒரு வரி வேலை. ஆச்சி வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய் சட்னியும் குடுத்தாங்க, பில்லுக்குப் பேரம் பேசினாங்க, அது வேற.

கறுப்பா நிக்காம குப்பையா வந்தா அது நல்ல செய்தின்னுதான் சொல்வேன், ஏன்னா அந்தப் பக்கம் யாரோ இருக்காங்கன்னு தெரிஞ்சுபோச்சு. கட்டம், தலைகீழ் கேள்விக்குறி, ஒய் மேல ரெண்டு புள்ளின்னு ஓடினா பத்துக்கு ஒம்போது பாட் ரேட் தப்பு. கண்ணை மூடிக்கிட்டு ஒவ்வொண்ணா மாத்திப் பார்க்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை மட்டும் எண்டர் தட்டி எவ்வளவு குப்பை வருதுன்னு பாருங்க. பெட்டி மெதுவாப் பேசி நீங்க வேகமாக் கேட்டா ஒரு எழுத்து பல குப்பையா உடைஞ்சு வரும், பெட்டி வேகமாப் பேசி நீங்க மெதுவாக் கேட்டா பல எழுத்து நசுங்கி ஒண்ணு ரெண்டு குப்பையா வரும். துல்லியம் இல்ல, ஆனா ஏத்தணுமா இறக்கணுமான்னு திசை காட்டும். சிஸ்கோ, ஜூனிபர், ஃபோர்ட்டிகேட் எல்லாம் வழக்கமா 9600, மைக்ரோடிக் 115200, அருபா சிஎக்ஸ் 115200, ஆக்சஸ் பாயிண்ட்கள்லயும் சின்ன ரூட்டர்கள்லயும் 115200 அதிகம். எல்லாத்துலயும் டேட்டா பிட் 8, பாரிட்டி இல்ல, ஸ்டாப் பிட் 1.

9600 பெட்டி 115200ல உக்காந்திருக்கறதுக்கு ஒரு சரியான காரணமும் இருக்கும். தேவகோட்டையில ஒரு ஜவுளிக்கடை ரூட்டர், ஃபார்ம்வேர் கெட்டுப்போய் யாரோ எக்ஸ்மோடம்ங்கற ஃபைல் அனுப்பற முறையில கன்சோல்லயே ஏத்தியிருக்காங்க. 9600ல ஒரு எழுத்துக்கு ஸ்டார்ட் ஸ்டாப் சேர்த்து 10 பிட், ஆக செகண்டுக்கு 960 எழுத்து, 10 எம்பி ஃபைல்னா கிட்டத்தட்ட மூணு மணி நேரம். 115200ல கால் மணி நேரம்தான். யார் மூணு மணி நேரம் உக்காந்திருப்பா, ஏத்தி வச்சு வேலையை முடிச்சிருக்காங்க, திருப்பி இறக்கல, எழுதியும் வைக்கல. அடுத்து வந்தவர் 9600ல பார்த்துட்டு கன்சோல் போர்ட் கருகிருச்சுன்னு சொல்லிட்டார். நான் பையைத் திறக்கற நேரத்துல வேலை முடிஞ்சுருச்சு, காசு கேக்கவே கூச்சமா இருந்துச்சு, வாங்கிட்டேன்.

எல்லா வேகத்துலயும் குப்பைதான்னா ரெண்டு காரணம் மனசுல வையுங்க. ஒண்ணு, கையில இருக்கறது ஆர்எஸ்-232 அடாப்டரா இல்ல டிடிஎல் அடாப்டராங்கறது. அர்டுயினோ பசங்க வச்சிருக்கற நாலு பின் யூஎஸ்பி குச்சி டிடிஎல், 3.3 வோல்ட்டோ 5 வோல்ட்டோ, அதுல பிளஸ் மைனஸ் அர்த்தமே தலைகீழ். அதைக் கொண்டுபோய் நிஜ ஆர்எஸ்-232ல சேர்த்தா குப்பை வந்தா அதிர்ஷ்டம், அடாப்டர் கருகினா நியாயம். ரெண்டாவது கிரவுண்டு. நம்ம பழைய வீடுகள்ல மூணு பின் சாக்கெட் இருக்கும், உள்ள எர்த் கம்பி இருக்காது, லேப்டாப் சார்ஜரும் பாதிப் பேர்கிட்ட ரெண்டு பின். சார்ஜ்ல இருக்கற லேப்டாப்போட மெட்டல் பாகத்துல கை வச்சா சுரீர்னு ஒரு கூச்சம் இருக்குமே, மீட்டர் வச்சா எர்த்துக்கு 100 வோல்ட் ஏசிக்கு மேலகூடக் காட்டும், கரண்ட் ரொம்பக் கம்மி, ஆளைக் கொல்லாது, ஆனா சீரியல் கேபிளைக் குத்தற அந்த நொடியில எந்தப் பின் முதல்ல தொடுதோ அது வழியா அது பாயும். அதனால கேபிளைக் குத்தறப்ப சார்ஜரைக் கழட்டிட்டு பேட்டரியில ஓட்டறதுதான் என் பழக்கம். வெட்டியா ஒரு கன்சோல் சிப்பைக் காவு குடுக்க வேண்டாம். கோடை மழைக்கு இடி இடிக்கறப்ப கன்சோல் கேபிளை மாட்டியே வச்சிருக்கவும் வேண்டாம்.

அடாப்டர் பத்தி. உள்ள இருக்கற சிப்தான் முக்கியம், எஃப்டிடிஐ, ப்ரோலிஃபிக், சிலிக்கான் லேப்ஸோட சிபி2102, அப்புறம் எல்லாரோட பையிலயும் இருக்கற சிஎச்340. விலை கம்மிங்கறதுக்காக சிஎச்340ஐ யாரும் கேவலமாப் பேச வேண்டாம், 9600க்கு அது தாராளம். தலைவலி போலிச் சிப்தான். டிவைஸ் மேனேஜர்ல மஞ்சள் முக்கோணம் போட்டு கோட் 10னு நின்னாலோ, அடாப்டர் பேருக்குப் பதிலா 2012ல இருந்து இந்தச் சிப் நிறுத்தப்பட்டதுன்னு சொல்ற வாசகம் வந்தாலோ, அது ப்ரோலிஃபிக்கோட பழைய சிப் இல்லன்னா அதோட போலி, புது டிரைவர் அதை ஏத்துக்காது, பழைய டிரைவரைப் போட்டா ஓடும், அடுத்த அப்டேட்ல மறுபடி நிக்கும். 2014ல எஃப்டிடிஐ ஒரு டிரைவர் அப்டேட் விட்டு போலிச் சிப்போட ஐடியையே ஜீரோவாக்கிருச்சு, ஊர் உலகத்துல எவ்வளவு அடாப்டர் செத்துதோ, பெரிய சண்டையே நடந்துச்சு. ஒரு நல்ல அடாப்டர் வாங்கி அதை யாருக்கும் கடன் குடுக்காம வச்சுக்கறது உத்தமம். இன்னொண்ணு, சீரியல் நம்பர் இல்லாத சிப்பா இருந்தா விண்டோஸ் ஒவ்வொரு யூஎஸ்பி ஓட்டைக்கும் ஒரு காம் நம்பர் குடுக்கும், இடது பக்கம் குத்தினா காம்3, வலது பக்கம் குத்தினா காம்7, நீங்க நேத்து சேவ் பண்ண காம்3ஐத் திறந்து வச்சுக்கிட்டு சுவிட்சைத் திட்டிக்கிட்டு இருப்பீங்க. நான் எப்பவும் ஒரே ஓட்டையிலதான் குத்துவேன்.

லினக்ஸ்காரங்களுக்கு, பர்மிஷன் டினைட்னு வந்தா சீரியல் போர்ட்டைத் திறக்க அனுமதி உள்ள டயல்அவுட் குரூப்புல உங்க யூசர் இல்ல, சேர்த்துட்டு லாக்அவுட் பண்ணி லாகின் பண்ணுங்க. உபுண்டு 22.04ல சிஎச்340ஐக் குத்தின உடனே வந்து உடனே காணாமப் போச்சுன்னா பிஆர்எல்டிடிஒய்ங்கற சர்வீஸ் அதை பார்வையற்றவங்க பயன்படுத்தற பிரெயில் கருவின்னு நினைச்சுத் தூக்கிட்டுப் போயிருக்கும், உங்களுக்குத் தேவையில்லைன்னா அதை எடுத்துருங்க. லேப்டாப்பே இல்லையா, ஆண்ட்ராய்டு போன்ல ஓடிஜி போட்டு இதே அடாப்டரைக் குத்தி ஒரு சீரியல் டெர்மினல் ஆப் போட்டா வேலை நடக்கும், ஏணி மேல நின்னுக்கிட்டுப் பார்க்கறதுக்கு லேப்டாப்பை விட அது வசதி.

திடீர்னு வேலை செஞ்சுக்கிட்டு இருந்த கன்சோல் உறைஞ்சு நின்னா கன்ட்ரோல்-கியூ தட்டுங்க. எக்செல்ல சேவ் பண்ற பழக்கத்துல கை கன்ட்ரோல்-எஸ் போட்டிருக்கும், சீரியல் உலகத்துல அதுக்கு அர்த்தம் பேச்சை நிறுத்துன்னு.

பிரேக் சிக்னல் தனி ரோதனை. சிஸ்கோ ரூட்டர்ல பாஸ்வேர்டு மறந்துட்டா பவர் குடுத்து முதல் ஒரு நிமிஷத்துக்குள்ள பிரேக் அனுப்பி, பூட் ஆகறதுக்கு முந்தின ராம்மான்ங்கற நிலையில நிறுத்தணும், புட்டியில அதுக்கு டைட்டில் பார்ல ரைட் க்ளிக் பண்ணா ஸ்பெஷல் கமாண்டுல பிரேக் இருக்கும். சில அடாப்டர் இந்த பிரேக்கை மட்டும் அனுப்பவே அனுப்பாது, மத்தது எல்லாம் ஒழுங்கா இருக்கும். அதுக்கு ஒரு பழைய வித்தை, புட்டியை 1200 பாட்ல திறந்து வச்சுக்கிட்டு ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணி பத்துப் பதினஞ்சு செகண்டு ஸ்பேஸ்பாரை விடாம அமுக்குங்க, 1200ல போற ஒரு எழுத்து 9600ல கேக்கற ரூட்டருக்கு ரொம்ப நீளமான சிக்னலாத் தெரிஞ்சு அது பிரேக்னு எடுத்துக்கும். ஸ்க்ரீன்ல ஒண்ணும் தெரியாது, பயப்படாம 9600க்கு மாறிப் பாருங்க, ராம்மான் ப்ராம்ப்ட் நிக்கும். உள்ள போய் ரெஜிஸ்டரை 0x2142ன்னு (சேவ் பண்ண கான்ஃபிக்கைப் படிக்காம பூட் ஆகுன்னு அர்த்தம்) மாத்தினவங்க வேலை முடிஞ்சதும் 0x2102க்குத் திருப்பணும், இல்லன்னா அடுத்த கரண்ட் கட்டுல ரூட்டர் வெறும் பெட்டியா எந்திரிக்கும்.

கடைசியா அந்த ஆர்ஜே45 விஷயம். எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி ஓட்டையைத்தான் வைக்கறாங்க, உள்ள பின் வரிசை அவங்கவங்க இஷ்டம். அந்த ஆச்சிகிட்ட இதைச் சொன்னப்ப, "எங்க முன்வாசச் சாவி பின்வாசப் பூட்டுக்குள்ளயும் நுழையும், திருப்பினா பூட்டு மாட்டிக்கிரும்"னாங்க, நான் இதைவிட நல்லா விளக்க முடியாது. நீல கேபிள்ல கன்சோல் வரலைன்னா அந்த மாடலோட மேனுவல்ல பின்அவுட் பக்கத்தைப் பாருங்க, அந்தக் கேபிள் சுவிட்சோட வந்ததா, வேற பழசான்னு கேளுங்க. யூபிஎஸ்ல சீரியல் மாதிரி இருக்கற போர்ட்ல மட்டும் சும்மா கையில கிடைச்ச கேபிளைக் குத்திடாதீங்க, சில யூபிஎஸ்ல தப்பான கேபிள் ஏறினா அது ஷட்டவுன் சிக்னல்னு எடுத்துக்கிட்டு மொத்த ராக்கையும் அணைச்சுரும். அதைவிட மோசம், மொட்டைமாடி ரேடியோவுக்குப் போற பாசிவ் பிஓஇ, அதுல 4, 5ல பிளஸ் 24ம் 7, 8ல மைனஸும் எதையும் கேக்காம எப்பவும் நிக்கும். ஸ்டாண்டர்டு பிஓஇ முதல்ல அந்தப் பக்கம் 25 கிலோஓம் ரெசிஸ்டன்ஸ் தெரியுதான்னு பார்த்துட்டுதான் கரண்ட் விடும், பாசிவ் அந்த மரியாதையெல்லாம் பண்ணாது, இருட்டுல கன்சோல் பிளக் அதுல ஏறிருச்சுன்னா அடாப்டர் போச்சு, யூஎஸ்பி போர்ட்டும் சேர்ந்து போகலாம்.

கேபிளை நீட்டறது பத்திக் கேக்கறாங்க. ரோல்ஓவர் கேபிளோட, அதாவது ஒரு முனைக்கு மறுமுனை பின் வரிசை தலைகீழா இருக்கற கேபிளோட, சாதாரண நேர் பேட்ச் கேபிளை கப்ளர்ல சேர்த்தா அது ரோல்ஓவராவேதான் இருக்கும், தாராளமா நீட்டலாம். ஆர்எஸ்-232க்கு வழக்கமாச் சொல்ற கணக்கு 15 மீட்டர், 9600ல நல்ல கேட்5 கேபிள்ல அதுக்கு மேலயும் போகும். மூணாங்கட்டு அறையில காத்து இல்லாம வேகறதுக்குப் பதிலா வளவுக்குக் கேபிளை இழுத்துட்டு வந்து தூண்ல சாய்ஞ்சுக்கிட்டு வேலை பார்க்கலாம், ஆத்தங்குடி கல்லு மே மாசத்துலயும் சில்லுனு இருக்கும். டெலிபோன் கப்ளர் மட்டும் வேண்டாம், அது வரிசையைத் திருப்பிரும்.

வேலை முடிஞ்சு கிளம்பறதுக்கு முன்னாடி கன்சோல் போர்ட் பக்கத்துல ஒரு ஸ்டிக்கர்ல பாட் ரேட், எந்த கேபிள், யூஎஸ்பி கன்சோல் இருந்தா ‘இதுல வயர் விடாதே’ன்னு மார்க்கர்ல எழுதி ஒட்டிருவேன், அந்த மாடலுக்கு வேலை செஞ்ச கேபிள் ஒண்ணை டேக் போட்டு ராக்குக்குள்ளயே கட்டி விட்டுட்டு வருவேன். கேபிள் காசை பில்லுல தனியாப் போடுங்க, சும்மா குடுத்தா அடுத்த தடவை போறப்ப அது அங்க இருக்காது, காசு குடுத்து வாங்கினதுன்னா மேனேஜரே பத்திரமா வச்சிருப்பார்.